நண்பர் பரிந்துரையில் வந்த நோயாளிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

மனநலத் துறையில் வேலை செய்கிறவர்களுக்குச் சமூக ஊடகம் பற்றிச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் பதிவுகளைச் சுற்றியே இருக்கின்றன. நோயாளியின் கதையை எழுதக்கூடாது, படம் போடக்கூடாது, பெயரை மட்டும் மாற்றிவிட்டால் ஆள் தெரியாது என்று நம்பிவிடக்கூடாது. எல்லாம் சரிதான். ஆனால் இந்த நிகழ்வில் மருத்துவர் எதையும் எழுதவில்லை, படம் போடவில்லை, நோயாளி யாரையும் நண்பராகச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. இருந்தும் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் பெயரோடும் முகத்தோடும் காட்டிக்கொடுக்கப்பட்டார்கள்.

இது அமெரிக்காவில் நடந்தது. செய்தியாளர் காஷ்மீர் ஹில் 2016 ஆகஸ்டு மாதக் கடைசியில் ஃப்யூஷன் இணைய இதழில் வெளியிட்டார். செய்தியில் மருத்துவருக்குப் புனைபெயர், நோயாளிகளுக்குப் பெயரே கிடையாது. இங்கும் யாரையும் பெயர் சொல்லாமலே எழுதுகிறேன். நடந்தவை அந்தச் செய்தியில் உள்ளவை. ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறவர் இதை எப்படிப் படிக்க வேண்டும் என்ற பகுதி என்னுடையது.

பின்னணி

அவர் ஒரு மனநல மருத்துவர். பேஸ்புக்கில் கணக்கு உண்டு, ஆனால் எப்போதாவதுதான் திறப்பார். அவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், அல்லது கடுமையான உடல்நலச் சிக்கலோ வளர்ச்சிக் குறைபாடோ உள்ளவர்கள். அவர்களில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் உண்டு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்கள் உண்டு, அடித்து மிரட்டுகிற துணையிடம் மாட்டிக்கொண்டு தவிக்கும் பெண்களும் உண்டு. கடைசியாகச் சொன்னவர்களுக்கு 'இவள் மனநல மருத்துவரிடம் போகிறாள்' என்ற ஒரு வரி கணவன் காதுக்குப் போவது வெறும் மானப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

பேஸ்புக்கில் 'உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்' என்று ஒரு பட்டியல் வரும். 2008-இல் தொடங்கியது. இரண்டு பேருக்கும் பொதுவான நண்பர்கள், படித்த இடம், வேலை செய்த இடம், போனிலிருந்து ஏற்றிய தொடர்பு எண்கள், இன்னும் வெளியே சொல்லாத பல காரணிகள் என எல்லாவற்றையும் கலந்து அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். ஒருவர் ஏன் நமக்குக் காட்டப்படுகிறார் என்ற காரணம் எப்போதும் பொதுப்படையாகவே சொல்லப்படும்.

2015 கோடை: முதல் அறிகுறி

அந்தக் கோடையில் மருத்துவரின் பரிந்துரைப் பட்டியலில் அவருடைய நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். தன்னுடைய மின்னஞ்சல் தொடர்புகளையோ போனில் உள்ள எண்களையோ பேஸ்புக்குக்குக் கொடுக்கவே இல்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்படியானால் இவர்கள் எப்படி வந்தார்கள்?

அவருக்கு மட்டும் தெரிந்தவரை இது ஓரளவு சங்கடம், அவ்வளவுதான். மருத்துவருக்குத் தன் நோயாளிகள் யார் என்று முன்பே தெரியும். புதிதாக எந்த ரகசியமும் உடையவில்லை. பலர் இந்த இடத்தில் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். பெரிய விஷயம் அடுத்து வந்தது.

இளைஞர் காட்டிய பட்டியல்

அவருடைய நோயாளிகளில் முப்பது வயதைத் தாண்டிய ஓர் இளைஞர், மற்றவர்களிலிருந்து வித்தியாசமானவர். பனிச்சறுக்கில் ஆர்வம். அவருக்கு வழக்கமாக வரும் பரிந்துரைகளில் அவர் வயதுக்காரர்கள், பனியில் சறுக்குகிறவர்கள், விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள் இருப்பார்கள். திடீரென்று அதில் வேறு முகங்கள் வந்தன. வாக்கர் பிடித்து நடக்கும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். பெருமூளை வாதம் உள்ள இன்னொருவர்.

அவர் சிரித்துக்கொண்டே மருத்துவரிடம் பட்டியலைக் காட்டினார். இவர்களில் யாரையும் தனக்குத் தெரியாது என்றும், உங்களிடம் வருகிறவர்களாகத்தான் இருக்கும் என்று நினைப்பதாகவும் சொன்னார். மருத்துவர் பார்த்தார். அவருடைய நோயாளிகளேதான்.

மருத்துவர் ஒன்றும் பேசாமல் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

இந்த மௌனம்தான் நிகழ்வின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஆமாம்' என்று சொன்னால் ஒரே சொல்லில் பல பேருடைய ரகசியம் போய்விடும். 'இல்லை' என்றால் பொய், அதோடு அடுத்த முறை இல்லை என்று சொல்லாதபோது அதுவே ஆமாம் ஆகிவிடும். மனநலத் துறையில் நோய் என்ன என்பதற்கு முன்னால், ஒருவர் வருகிறாரா இல்லையா என்பதே ரகசியம். யாராவது போனில் 'எங்க அண்ணன் அங்கே அட்மிட் ஆகியிருக்காரா?' என்று கேட்டால், இருக்கிறார் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் பதில் தருவதற்கு வார்டுப் பணியாளர்களைப் பழக்குவது இதனால்தான். அந்த மருத்துவர் செய்ததும் அதே. ஆனால் அந்த விதி உருவானபோது கேட்கிற ஆள் கையில் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

லிஃப்டில் பார்த்த முகம்

இன்னொரு நோயாளி, ஒரு பெண். அவருடைய பட்டியலில் வந்த ஒரு முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மருத்துவரின் அலுவலகக் கட்டடத்து லிஃப்டில் பார்த்த முகம். லிஃப்டில் பார்க்கும்போது அது பெயரில்லாத ஒரு முகம், இறங்கியதும் மறந்துபோயிருக்கும். இப்போது முழுப் பெயரும், பக்கத்தில் உள்ள மற்ற விவரங்களும் கைக்கு வந்துவிட்டன.

காத்திருப்பு அறையில் முகம் பார்த்துக்கொள்வதை எந்தக் கிளினிக்காலும் முழுக்கத் தவிர்க்க முடியாது. அங்கே எழுதப்படாத ஓர் ஒழுங்கு இருக்கிறது. யாரும் யாரையும் பெயர் கேட்பதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, வெளியே சந்தித்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதில்லை. அந்த ஒழுங்கை மென்பொருள் ஒரே அடியில் தாண்டிவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எந்த நோயாளியிடமும் எதையும் உறுதி செய்வதில்லை என்பது முதல் முடிவு. காரணம் மேலே சொன்னது.

அடுத்தது நிறுவனத்திடம் போவது பற்றியது, இங்கேதான் கதவு அடைபட்டது. சம்பந்தப்பட்டவர்களின் விவரம் இல்லாமல், ஒருவர் இன்னொருவருக்கு ஏன் பரிந்துரைக்கப்பட்டார் என்று விளக்க முடியாது என்பது பேஸ்புக் தரப்பு செய்தியாளருக்குத் தந்த பதிலின் சாரம். நியாயமான பதில் போலத் தோன்றும். ஆனால் மருத்துவர் விவரம் கொடுப்பது என்றால் 'இன்னார் இன்னார் என் நோயாளிகள்' என்று எழுதிக் கொடுப்பது. எது கசிந்தது என்று புகார் செய்கிறோமோ அதையே கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பது. நோயாளிகளின் தகவலைக் காக்க அமெரிக்காவில் 1996-இல் வந்த ஹிப்பா சட்டத்தின்படி நோயாளிகளின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவரால் அதைச் செய்ய முடியாது. அனுமதி கேட்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நோயாளியிடமும் 'உங்கள் பெயர் மற்றவர்களுக்குப் போயிருக்கலாம்' என்று தொடங்க வேண்டும். நோயாளியே நேரடியாகப் புகார் செய்யலாமே என்றால், தான் மனநல சிகிச்சையில் இருப்பதை அவரே அந்த நிறுவனத்திடம் சொல்ல வேண்டிவரும்.

அதனால் அவர் எடுத்த வழி, புனைபெயரில் செய்தியாளரிடம் பேசுவது. நோயாளிகளைப் பற்றி ஆளை அடையாளம் காட்டாத அளவுக்கு மட்டும் சொன்னார். இதையும் சிலர் குறை சொல்லலாம், பனிச்சறுக்கு இளைஞர் செய்தியைப் படித்தால் தன்னைக் கண்டுகொள்வாரே என்று. கண்டுகொள்வார். ஆனால் அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தவிரப் புதிதாக எதுவும் அதில் இல்லை. ஆர்வம், வயது, இரண்டையும் கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தால் இன்னும் நிம்மதி என்பது என் கருத்து.

எப்படி நடந்திருக்கும்

முதலில் எல்லோருக்கும் சந்தேகம் வந்தது இருப்பிடத் தகவல் மேல். காரணம் உண்டு. இந்தச் செய்தி வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2016 ஜூனில், நட்புப் பரிந்துரைக்கு இருப்பிடமும் ஒரு காரணி என்று இதே செய்தியாளரிடம் பேஸ்புக் தரப்பு சொல்லிவிட்டு, பிறகு அதை மறுத்தது. லிஃப்டில் பார்த்த பெண் விஷயத்துக்கு இது பொருந்தும். ஆனால் மனநல மருத்துவரிடம் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் போவார். இருப்பிடம் மட்டும் காரணமானால் அடுத்தடுத்த நேரத்துக்கு வந்தவர்களோடு நின்றிருக்க வேண்டும். இளைஞரின் பட்டியல் அப்படி இல்லை.

அதைவிடப் பொருந்தும் விளக்கம் தொலைபேசி எண். நோயாளிகள் ஒவ்வொருவர் போனிலும் மருத்துவரின் எண் இருக்கும். செயலியைப் போனில் போடும்போது 'நண்பர்களைக் கண்டுபிடிக்கத் தொடர்புகளை ஏற்றலாமா?' என்று கேட்கும், பலர் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுவார்கள். இப்போது நிறுவனத்தின் கணக்கில் ஒரே எண்ணை வைத்திருக்கிற பல பேர் இருக்கிறார்கள். ஒரே எண்ணைத் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக இருக்கலாம் என்பது மென்பொருளின் ஊகம். கல்லூரி நண்பர்கள் விஷயத்தில் அது சரியாக இருக்கும். ஒரே பிளம்பரைக் கூப்பிடுகிற இரண்டு வீட்டுக்காரர்கள் விஷயத்தில் தவறாக இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. மனநல மருத்துவரின் எண் என்றால் அதே ஊகம் ஒரு நோயாளிப் பட்டியலாக மாறிவிடுகிறது.

மருத்துவர் தன் தொடர்புகளை ஏற்றவில்லை என்பது இங்கே பயன்படாது. ஏற்றியவர்கள் நோயாளிகள். ஒருவர் தன் எண்ணைத் தானே கொடுக்காவிட்டாலும், அது அடுத்தவர் போன் வழியாக நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்து, அவர் பார்க்கவோ அழிக்கவோ முடியாத இடத்தில் கிடக்கும். இந்த விளக்கத்தைப் பேஸ்புக் இந்த நிகழ்வுக்காக உறுதி செய்யவில்லை.

பின்னர் நடந்தவை

ஆக, குறிப்பிட்ட நிகழ்வுக்குத் தீர்வு என்று எதுவும் வரவில்லை. சட்டப்படி யாரும் தவறு செய்ததாகவும் ஆகவில்லை. மருத்துவர் எதையும் வெளியிடவில்லை. ஹிப்பா சட்டம் மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையும் கட்டுப்படுத்தும். ஒரு சமூக வலைத்தளம் தானாக ஊகித்துச் சொல்வதை அது தொடாது.

2017 நவம்பரில் ஹில் இதே விஷயத்தை கிஸ்மோடோ இதழில் விரிவாக எழுதினார். அதில் ஒரு சமூகப் பணியாளர் வருகிறார். இரண்டாவது சந்திப்பிலேயே அவருடைய வாடிக்கையாளர் அவரைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இருவரும் எண்களைப் பரிமாறிக்கொள்ளவில்லை, பரிந்துரைப் பட்டியலில் பார்த்ததுதான். 2018 ஏப்ரலில், தொலைபேசி எண்ணைப் போட்டு ஆளைத் தேடும் வசதியைப் பேஸ்புக் நிறுத்தியது. அதே ஆண்டு, கணக்கின் பாதுகாப்புக்காகக் கொடுத்த எண்ணும், அடுத்தவர் ஏற்றிய எண்ணும் விளம்பரத்துக்குப் பயன்படுவதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2019 ஜூலையில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அறிவித்த 500 கோடி டாலர் அபராதத்தோடு வந்த உத்தரவில், பாதுகாப்புக்காக வாங்கிய எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. 2021 ஏப்ரலில் ஏறத்தாழ 53 கோடி கணக்குகளின் எண்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. தொடர்புகளை ஏற்றும் அதே வசதியை வைத்துத்தான் முன்பே அவற்றைச் சுரண்டியிருந்தார்கள்.

எதை மாற்ற வேண்டும்

வழக்கமாகச் சொல்லும் தீர்வு: கிளினிக்குக்குத் தனி எண், சொந்தக் கணக்குக்குத் தனி எண். செய்ய வேண்டியதுதான். மருத்துவரின் குடும்பப் படங்கள் நோயாளிகள் கண்ணில் படுவது குறையும். ஆனால் நோயாளியை இன்னொரு நோயாளிக்குக் காட்டிக்கொடுப்பதை அது நிறுத்தாது. தனி எண்ணும் நூறு பேர் போனில் ஒரே எண்ணாகத்தானே இருக்கப்போகிறது?

அதைவிட நல்லது, மனநலப் பிரிவுக்கென்று தனி எண் இல்லாமல் இருப்பது. பல துறைகள் உள்ள மருத்துவமனையில் கண்ணுக்கும் காதுக்கும் எலும்புக்கும் மனநலத்துக்கும் ஒரே வரவேற்பு எண் என்றால், அந்த எண்ணை வைத்து யார் எதை ஊகித்தாலும் பயனில்லை. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவை நடத்துவதில் இப்படி ஒரு லாபம் தானாகவே கிடைக்கிறது. தனியாகக் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் வரவேற்பில் உள்ள போனில் சமூக ஊடகச் செயலி எதையும் போடாமல் இருக்கலாம், முன்பு ஏற்றிய தொடர்புகளை அழித்துவிடலாம்.

நம் ஊரில் பேஸ்புக்கைவிட வாட்ஸ்அப்தான் பெரிய வாசல். 'இன்று டாக்டர் வரமாட்டார்' என்று சொல்வதற்காக உதவியாளர் ஒருவர் நல்லெண்ணத்தில் எல்லா நோயாளிகளையும் போட்டு ஒரு குரூப் தொடங்கினால், மென்பொருளின் ஊகம்கூடத் தேவையில்லை. எண், பெயர், முகப்புப் படம் எல்லாம் ஒரே திரையில். அந்தக் குரூப்பைக் கலைத்தாலும் பார்த்தவர்கள் பார்த்ததுதான். செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை. இன்னொன்று: எங்கே போகிறோம் என்று வீட்டில் தெரியக்கூடாது என்பதற்காகச் சிலர் மருத்துவரின் எண்ணை 'ஸ்கின் டாக்டர்' என்றோ வெறும் 'எஸ்' என்றோ பதிந்து வைப்பார்கள். வீட்டு ஆட்கள் கண்ணுக்கு அது போதும். செயலி பார்ப்பது பெயரை அல்ல, எண்ணை.

சட்டத்தைப் பொறுத்தவரை இந்தியாவில் எழுத்து நன்றாகவே இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு நோயாளியின் மனநலம், சிகிச்சை பற்றிய எல்லாவற்றுக்கும் ரகசியக் காப்பு உரிமை தருகிறது. மின்னணு வடிவில் சேமித்த தகவலுக்கும் அது பொருந்தும் என்று 24-ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. மீறினால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உதவியாளரின் வாட்ஸ்அப் குரூப்புக்கு இது பொருந்தும் என்றே படிக்கிறேன். ஆனால் நோயாளி தானே ஏற்றிய எண்ணிலிருந்து ஒரு நிறுவனம் ஊகித்துக்கொண்டால் எந்தப் பிரிவில் யார்மேல் வழக்குப் போடுவது? அமெரிக்க மருத்துவருக்கு இருந்த அதே இடைவெளி இங்கும் இருக்கிறது.

நோயாளியிடம் சொல்வதா

எல்லா நோயாளிகளிடமும் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது என் முடிவு. யார் பெயரும் வராமல் பொதுவாக, முதல் சந்திப்பிலேயே, கட்டணமும் நேரமும் பேசும்போது: இந்த எண்ணைப் போனில் பதிந்தால் சில செயலிகள் அதை வைத்து ஆட்களைக் காட்டலாம், தொடர்புகளை ஏற்றும் வசதியை வேண்டுமானால் அணைத்துக்கொள்ளுங்கள், அப்படி யாராவது வந்து என்னிடம் கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன், உங்களைப் பற்றி யார் கேட்டாலும் அப்படித்தான். இதை முன்பே சொல்லி வைத்திருந்தால் அந்த இளைஞர் பட்டியலைக் காட்டியபோது மருத்துவருக்கு மௌனத்துக்குப் பதிலாக ஒரு வாக்கியம் இருந்திருக்கும், அந்த வாக்கியம் எதையும் உறுதி செய்திருக்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 'என் போன் என்னைக் கண்காணிக்கிறது, யாரோ என்னைப் பற்றித் தகவல் சேர்க்கிறார்கள்' என்ற நம்பிக்கையோடு சிகிச்சைக்கு வருகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது? பொய் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரு பகுதி உண்மை. உண்மை என்றும் மொட்டையாகச் சொல்ல முடியாது, அவர் கட்டி வைத்திருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் அது ஆதாரமாகிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய அவசரமில்லை. அறிகுறிகள் தணிந்த பிறகு, செயலி எல்லோருக்கும் ஒரே மாதிரி இப்படி வேலை செய்கிறது, அவரைக் குறிவைத்து அல்ல என்பதை அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டியே சொல்லலாம். அதுவரை அமைப்பை மாற்றும் வேலையை, அவர் சம்மதித்தால், கூட வரும் அம்மாவோ அண்ணனோ செய்துகொடுக்கட்டும். எப்போது சொன்னோம், யார் முன்னால் சொன்னோம், எதற்காகத் தள்ளிப்போட்டோம் என்பது கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும்.